முழங்காலுக்குப் பின்னே ஒரு துடிப்பு

"உங்க காலத்துல இதுக்கு என்ன அங்கிள் செஞ்சீங்க?"

போன மாதம் கோலசிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயைப் பற்றி விளக்கக் கூட்டம் வைத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச வந்த டாக்டருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. இனிப்பு நீரால் காலில் இரத்தக்குழாய் அடைத்துப் போனவர்களுக்கு, அவர்களுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, கெண்டைக்கால் சதையில் ஊசியாகப் போடுகிறார்களாம். அடைபட்ட குழாயைச் சுற்றி மெல்லிய புதுக் குழாய்கள் வளர அந்தச் செல்கள் உதவுமாம். நோயாளியின் செல்லைக் கொண்டே ஒரு முழு இரத்தக்குழாயை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து எடுத்துத் தைக்கும் முயற்சியும் நடக்கிறதாம். இன்னும் சோதனைதான், எல்லாருக்கும் பலிப்பதில்லை என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நான் கையைத் தூக்கி, "முழங்காலுக்குக் கீழே துடிப்பே இல்லாம போனவங்களுக்கும் இது உண்டா?" என்று கேட்டேன்.

"அப்படிப்பட்டவங்களுக்காகத்தான் சார் இந்த முயற்சியே," என்றார்.

பிறகு தேநீர் குடிக்கும்போதுதான், இப்போது கிளினிக்கில் வேலை செய்யும் ஓர் இளைஞன், கையில் கறிபாப் பலகாரத்தோடு பக்கத்தில் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"வெட்டினோம்லா," என்றேன்.

நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெராம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருடம் திட்டு வாங்கினேன், கடைசியில் சான்றிதழும் வாங்கினேன். இரண்டு மூன்று இடங்களில் குப்பை கொட்டிவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே டிரசராக வந்து சேர்ந்தேன். சுற்றியுள்ள நாலு தோட்டத்துக்கும் சேர்த்துப் பத்துக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அது. காயம், காய்ச்சல், பிரசவம் எல்லாம் என் தலையில்தான். சர்க்கரை பார்க்க இன்றுபோல் விரலில் குத்தும் கருவி எங்களுக்குக் கிடையாது. நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். எண்பதுகளில் செங்கல் நிறம் அடிக்கடி வர ஆரம்பித்தது.

எனக்கு மேலே ஒருவர்தான். டாக்டர் குணநாயகம் என்ற யாழ்ப்பாணத்து மனிதர். செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணிக்கு வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். நோயாளியின் கால்மாட்டில், கட்டிலிலேயே உட்காருவார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் யாரையும் தொடுவார். தோட்டத்துச் சனங்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். டாக்டர் தங்கள் காலைத் தொடுவதா என்று கூச்சம். "என்ன பிள்ளை, காலுக்குத்தானே வருத்தம், கையைத் தந்தால் நான் என்ன செய்யிறது?" என்பார்.

காலில் துடிப்புப் பார்க்க அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பாதத்தின் மேல் ஓரிடம், உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடம், அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழி. முதல் இரண்டும் தோலுக்கு அடியிலேயே ஓடும், விரலை மெல்ல வைத்தால் போதும். மூன்றாவதுதான் உயிரை வாங்கும். அது ஆழத்தில் ஓடுவது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கட்டைவிரலையும் முட்டியின் மேல் வைத்து, மற்ற எட்டு விரலையும் பின்னால் கொண்டுபோய்க் குழிக்குள் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த நம் விரல் நுனியிலுள்ள துடிப்பே நமக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதனால் டாக்டர் ஒரு முறை வைத்திருந்தார். நான் குழிக்குள் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உதவிக்கு இருக்கும் மேரி, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவாள். என் விரலுக்குத் தெரிவதும் மேரி தட்டுவதும் ஒன்றாக வந்தால் புத்தகத்தில் 'உண்டு' என்று எழுதலாம். முன்பின்னாக வந்தால் அது என்னுடையது. "உம்மட சொந்த நாடியை நோயாளியின்ர கணக்கில எழுதிப் போடாதையும்," என்பார் டாக்டர்.

அஞ்சலை வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில். பால் வெட்டப் போனவள் இடது காலில் குச்சி குத்தியது தெரியாமலே மூன்று நாள் நடந்திருக்கிறாள். நான்காம் நாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் கவனித்து, வேலையை நிறுத்தச் சொல்லி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெருவிரல் கறுத்துக் காய்ந்து போயிருந்தது. விளக்கில் காய்ச்சிப் பார்த்தேன். செங்கல் நிறம்.

அஞ்சலையும் நானும் ஒரே லயம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஒன்றாகத் தோட்டப் பள்ளியில் படித்தோம். அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. நான் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத ஆசைக்கு யாரைக் குற்றம் சொல்வது? பிறகு நானும் கட்டினேன், நல்ல மனைவி, குறை ஒன்றும் இல்லை. அஞ்சலையின் புருசன் சீக்கிரமே இறந்து போய்விட்டான். ஒரே மகளைச் சுங்கை பெசாரில் கட்டிக்கொடுத்துவிட்டு, லயத்தில் தனியாக இருந்தாள். நாலு பேர் இருக்கும்போது என்னை 'டிரசர்' என்பாள், 'வாங்க போங்க' என்பாள். யாரும் இல்லையென்றால் மணியம்தான்.

அந்தச் செவ்வாய் டாக்டர் வந்து பார்த்தார். பாதத்தில் துடிப்பு இல்லை. கணுக்காலிலும் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. மெலிந்துதான் இருந்தது, ஆனால் மேரியின் தட்டுக்குச் சரியாக வந்தது. கண்ணைத் திறந்து அஞ்சலையிடம் உள்ளதைச் சொன்னார். பாதம் தங்காது. ஆனால் முழங்கால் தங்கும். முழங்கால் இருந்தால் பொய்க்கால் போட்டுக்கொண்டு நடக்கலாம், கீழே உட்கார்ந்து எழுந்திருக்கலாம்.

அஞ்சலை அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"டாக்டர், பால் மரத்துல பட்டைய சீவுறோம். கொஞ்ச வருசத்துல அந்த எடத்துலயே புதுப்பட்டை வளந்து வந்துருது. திரும்பவும் வெட்டுறோம். மரத்துக்கே வளருது, எனக்கு ரத்தக்குழா வளராதா?"

 டாக்டர் அவளுடைய பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்.

"ஆழமா வெட்டிக் கட்டையில காயம் பட்டால் வளருமோ?"

"வளராது. மேடு தட்டிப் போயிரும். மண்டோர் ஏசுவாரு."

"ஏன் எண்டால், பட்டையை வளக்கிற ஒரு மெல்லிய பாகம் அங்கதான் இருக்கு. அதை விட்டுவைச்சால்தான் புதுசு வரும். மனிசருக்குள்ளையும் அப்பிடி ஒண்டு எங்கேயோ இருக்க வேணும், பிள்ளை. எங்க இருக்கு, எப்பிடி எழுப்பிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆருக்கும் இன்னும் தெரியேல்லை."

இப்போதுதான் தெரிகிறது. எலும்புக்குள் இருந்தது ஐயா அது. அவளுடைய சொந்த இடுப்பெலும்புக்குள். எங்கள் மூன்று பேர் கண்ணெதிரே அது கட்டிலில் படுத்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

டாக்டர் கிளம்புமுன் தோட்டத்துத் துரையையும் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். அஞ்சலை பொய்க்கால் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடிந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை தருவார்கள். லயத்து வீடும் அவளிடமே இருக்கும். முடியாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். வேலை இல்லாதவருக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது. காலி பண்ணினால் போக்கிடம் சுங்கை பெசார். மருமகன் வீடு.

"அது மட்டும் வேணாம் மணியம்," என்றாள் பிறகு. "கட்டிக் குடுத்த வூட்டுல போயி உக்காந்து திங்கிறதுக்கு நான் இந்தக் கொசுக்கடியிலயே கெடந்துருவேன்."

புண்ணிலுள்ள சீழ் அடங்கி, சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், இரண்டு வாரத்தில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுவை செய்யலாம் என்பது டாக்டரின் திட்டம். அடுத்த செவ்வாய் அவர் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் முழங்காலுக்குப் பின்னால பாரும். அந்தத் துடிப்பு இருக்கும் வரைக்கும் முழங்கால் எங்கட கையில. அது நிண்டால் அண்டைக்கே கிள்ளானுக்கு அனுப்பும். நான் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்."

முதல் எட்டு நாள் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. காலையில் புண்ணைக் கழுவி, மஞ்சள் மருந்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டுவோம். ஊசி போடுவேன். பிறகு மேரி தட்ட, நான் கண்ணை மூடிக் கேட்பேன். துடிப்பு வந்தது. எழுதினேன்.

வியாழக்கிழமை காலையில் வரவில்லை.

மேரி தட்டிக்கொண்டே இருந்தாள். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை மேலே தள்ளினேன், கீழே இறக்கினேன். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மேரியிடம், "நீ தட்டுறது எனக்கு இடைஞ்சலா இருக்கு. போயி பாட்டில கழுவு," என்றேன். இருபது வருட அனுபவக்காரி, ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் இன்னும் அழுத்தினேன். எட்டு விரலும் எலும்பில் இடிக்கும்வரை அழுத்தினேன். மெல்ல, எங்கிருந்தோ வருவது போல, ஒரு துடிப்பு வந்தது. அப்புறம் இன்னொன்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இருக்கா மணியம்?"

"இருக்கு."

புத்தகத்தில் 'உண்டு' என்று எழுதினேன்.

மறுநாளிலிருந்து நான் மேரியைக் கூப்பிடவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நானே போனேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடமாக மனதுக்குள் வைத்திருந்த ஒருத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, "இருக்கு" என்று சொல்லும் ஐந்து நிமிடம். அவள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே வேகமாக நடந்து போவேன். கால் முன்னைவிடக் குளிர்ந்திருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பு ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மருந்துக் கறை என்று நினைத்துக்கொண்டேன். இனிப்பு நீர் வந்த காலுக்கு வலிகூடச் சரியாகத் தெரியாது, அதனால் அவளும் எதையும் முறையிடவில்லை.

அந்த நாள்களில் அவள் சந்தோசமாக இருந்தாள். ஆயாக்கொட்டகைத் தொட்டில்களுக்குப் பழைய சேலையைக் கிழித்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தங்கராசு பய மவன் இருக்கான்ல, அவன் கடிப்பான்லா. அவனுக்கு மட்டும் தனித் தொட்டி போடணும்," என்பாள்.

"நீ திருப்பிக் கடி," என்பேன்.

"கடிப்பேன், எனக்கென்ன பல்லா இல்ல? காலுதான் இல்ல," என்று சொல்லிச் சிரிப்பாள். மேரிகூட வாசலில் நின்று சிரித்தாள்.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையிலும் பார்த்து எழுதிவிட்டேன். பத்து மணிக்கு டாக்டர் வந்தார். கடிகாரத்தைக் கொடுத்தார், கையைக் கழுவினார், தேய்த்துச் சூடாக்கினார். அஞ்சலையின் காலை மடக்கி விரலை வைத்தார். மேரியைத் தட்டச் சொன்னார். வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு காலை மெல்ல இறக்கி, போர்வையால் மூடி, "கொஞ்சம் இரு பிள்ளை," என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னை மருந்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மேசையில் புத்தகம் திறந்திருந்தது. வியாழக்கிழமையிலிருந்து ஆறு 'உண்டு'. என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

"உம்மட விரலை இந்த மேசையின்ர விளிம்புக்குக் கீழ வையும். அழுத்தும். இன்னும் அழுத்தும். கண்ணை மூடும். என்ன தெரியுது?"

வைத்தேன். அழுத்தினேன். தெரிந்தது.

"துடிக்குது டாக்டர்."

"மேசைக்கு இரத்தம் ஓடுறேல்லை, தம்பி."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால் மணி நேரத்தில் தோட்டத்து வேனில் அவளை ஏற்றினோம். ஏற்றும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குல்ல?" என்றாள். டாக்டர் பக்கத்தில் நின்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கிள்ளானில் தொடையில் வெட்டினார்கள். அதற்குக் கீழே எங்கும் உயிர் இல்லையாம்.

சேதி வந்த அன்று டாக்டரிடம் கேட்டேன். வியாழக்கிழமையே அனுப்பியிருந்தால்?

"முழங்கால் தங்கியிருக்கலாம். தங்காமலும் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. நீர் இனி மேரியை வெளியில அனுப்பாதையும்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேலே புகார் எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் தண்டனை வாங்கி அதோடு தீர்த்திருப்பேனே என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

துரை சொன்ன சொல்லில் நின்றார். உட்கார்ந்து எழ முடியாதவளுக்கு ஆயாக்கொட்டகை வேலை இல்லை. இரண்டு மாதத் தவணைக்குப் பிறகு லயத்து வீட்டைக் காலி பண்ணினாள். மருமகன் ஒரு லோரியோடு வந்து அழைத்துப் போனார். அன்று நான் வேண்டுமென்றே வேறு தோட்டத்துக்கு ஊசி போடப் போய்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். ஆஸ்பத்திரியை மூடினார்கள். எனக்கு வேறு இடத்துக்கு மாற்றல். போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சுங்கை பெசாருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

அரிசிக் கடைக்குப் பின்னால் வீடு. சமையற்கட்டு ஓரம் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். மகளும் மருமகனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்துக் காலில்லாத இடத்தை மூடிக்கொண்டாள்.

"மருமவன் நல்லவருதான்," என்றாள் நான் கேட்காமலே. "வரப்போக சாப்பிட்டீங்களான்னு கேப்பாரு. தெனமும் கேப்பாரு. அதுதான் மணியம் முடியல."

நான் சொன்னேன். மேரியை வெளியே அனுப்பியது, விரலை அழுத்தியது, மேசை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆறு நாளும் நான் தொட்டது என் துடிப்பைத்தான், உன்னுடையதை இல்லை என்றேன். உன் மேல் இருந்த ஆசையால் வந்த வினை என்றும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. மன்னித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாறு கிள்ளிய பிறகு நிறுத்தினாள்.

"நீ ஆசப்பட்டது எனக்குத் தெரியாதா? அத விடு. இத எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

"மனசு கேக்கல அஞ்சலை."

"ஒன் மனசுக்காவ வந்தியா?" என்றாள். "காலு போச்சு, எனக்குத் தெரியும். வூடு போச்சு, தெரியும். அந்த ஆறு நாளு மட்டும் எங்கிட்ட இருந்துச்சு. காலையில நீ வருவ. இருக்கான்னு கேப்பேன். இருக்குன்னு சொல்லுவ. தொட்டித்துணி தைப்பேன். இங்க வந்து இந்த மூணு வருசமா, தாங்க முடியாதப்பல்லாம் அதத்தான எடுத்து வச்சி நெனச்சிக்கிட்டு உக்காந்துருக்கேன். அந்த ஆறு நாளும் எங்காலு எங்கூட இருந்துச்சின்னு. இப்ப வந்து அதயும் இல்லேங்கிற."

 இறக்கி வைத்த பாரத்தை அவள் மடியில் இறக்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

"மணியம், என்னையப் பாரு," என்றாள். "இருந்துச்சா?"

பார்த்தேன்.

"இருந்துச்சு," என்றேன்.

"ம்," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தாள்.